எந்தக் காலுக்கும் பொருந்தும்

வெங்கடராமனுக்கு இடது கால், வலது காலைவிட அரை அங்குலம் குட்டை. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். இந்த விஷயம் தெரிந்த ஜீவன் ஹைதராபாத்தில் ஒன்றே ஒன்று, அவருடைய மனைவி கல்பகம். அவளுக்கும் அவர் வாய்திறந்து சொல்லவில்லை. கல்யாணத்தன்று வெறுங்காலோடு அக்னியைச் சுற்றி வந்தபோது, தன் கையைப் பிடித்திருந்த கை ஒன்றுவிட்டு ஒரு அடிக்குக் கீழே போய் மேலே வருவதை அவளே கவனித்துவிட்டாள். அப்போது ஒன்றும் கேட்கவில்லை. பிறகொரு நாள் அவருடைய ஷூவைத் துடைக்கும்போது உள்ளே ஒட்டியிருந்த ரப்பர் துண்டைப் பார்த்து, "ஓ, இதுதானா" என்றாள். அதோடு அந்த வீட்டில் அந்தப் பேச்சு முடிந்தது.

கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் படிக்கும்போது அவருக்கு நொண்டி வெங்கு என்று பெயர். வாத்தியார்கள்கூட அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும்தான் வெங்கடராமன் என்பார்கள். பாதுகாப்புத் துறையின் தரப் பரிசோதனை அலுவலகத்தில் வேலை கிடைத்து ஹைதராபாத்துக்கு ரயிலேறியபோது, அந்தப் பெயரை பிளாட்பாரத்திலேயே இறக்கி வைத்துவிட்டு வந்தார். புது ஊர், புது ஷூ, ஷூவுக்குள் ரப்பர். ஹைதராபாத் வெங்கடராமன் தடுமாறாமல் நடந்தார்.

நடந்ததோடு விட்டாரா என்றால் அதுதான் இல்லை. ஓய்வு பெற்று ஏ.எஸ்.ராவ் நகர் பார்க்குக்குக் காலை நடைக்கு வர ஆரம்பித்ததும், அங்கே நடக்கிறவர்களுக்கெல்லாம் நடை சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தார். "ஜேம்ஸ், கூன் போடாதீங்க." "கிருஷ்ணபிரசாத், காலைத் தேய்க்காதேள், தூக்கி வையுங்கோ." முட்டிவலி என்று யாராவது வாயெடுத்தால் போதும், "எல்லாம் நடையில இருக்கு ஓய், என் காலைப் பாரும்" என்பார். தனக்குள் எவ்வளவு பயம் இருந்ததோ அவ்வளவுக்கு வெளியில் மிதப்பு இருந்தது அவருக்கு.

இந்த மிதப்பைத் தினமும் பக்கத்தில் நடந்தபடி சகித்துக்கொண்டவர் உமாசங்கர். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். ராணுவத்துக்கு வரும் பூட்ஸையும் கூடாரத்தையும் தண்ணீர்க் குப்பியையும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வைத்து இழுத்துப் பார்த்து, கிழித்துப் பார்த்து, தேறினதற்கு முத்திரை குத்தினவர்கள். உமாசங்கரின் மனைவி ப்ரியம்வதா போய்ச் சேர்ந்த பிறகு, அவர் அடுத்த தெருவில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். பையன் சந்தீப்புக்கு பெங்களூரில் வேலை. காலையில் நடை, நடை முடிந்து வெங்கடராமன் வீட்டில் காப்பி, காப்பியோடு பேப்பரை வைத்துக்கொண்டு ஒரு சண்டை என்று அவருக்குப் பொழுது போயிற்று. வெங்கடராமனுக்கு வேறு சிநேகிதன் கிடையாது. எதிரே வருகிறவன் முதுகையெல்லாம் திருத்துகிற மனுஷனோடு வேறு யார் சேர்வார்கள்?

உமாசங்கரிடம் ஒரு ஜோக் உண்டு. ஹைதராபாத் உருதுவில் 'கைக்கு' என்றால் 'ஏன்' என்று அர்த்தம். பார்க் வாட்ச்மேன், "ஆஜ் லேட் கைக்கு, சாப்?" என்று கேட்பான், இன்றைக்கு ஏன் லேட் என்று. உமாசங்கர் தமிழில், "கைக்கு இல்லப்பா, காலுக்கு" என்று செருப்பைக் காட்டிவிட்டுத் தானே சிரிப்பார். வருஷக்கணக்காக அதே ஜோக். வாட்ச்மேனுக்கு அது இன்றுவரை புரியவில்லை, ஆனாலும் மரியாதைக்கு அவனும் சிரித்து வைப்பான்.

அந்த வருஷம் திருமுல்கேரி ராணுவக் கேன்டீனுக்கு ஒரு சாண்டல் வந்தது. கறுப்பு நிறம், கனமே இல்லை. விரலுக்கு மேலே ஒரு வார், புறங்காலுக்கு மேலே ஒன்று, குதிகாலுக்குப் பின்னால் ஒன்று. மூன்றிலும் வெல்க்ரோ. இழுத்து ஒட்டினால் ஒல்லிக் காலுக்கு, தளர்த்தி ஒட்டினால் வீங்கின காலுக்கு. ஓய்வு பெற்றவர்களின் கால் காலையில் ஒரு அளவும் சாயங்காலம் ஒரு அளவுமாக இருக்கும். இது நமக்கென்றே செய்தது என்று கேன்டீன் கார்டு வைத்திருந்த அத்தனை பேரும் வாங்கினார்கள். வந்திருந்தது ஒரே சைஸ்தான், அதுவே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு பார்க் பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும் சர்ர், சர்ர் என்று வாரைப் பிரித்து ஒட்டுகிற சத்தம்தான். பேச்சு நின்று போனால் கிருஷ்ணபிரசாத் சும்மாவே ஒரு தடவை பிரித்து ஒட்டுவார்.

வெங்கடராமனும் வாங்கினார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, இடது செருப்பின் மேலட்டையைக் கத்தியால் நெம்பி, நடுவில் ரப்பர் ஷீட்டை வைத்து ஒட்டி, ஓரத்தில் கறுப்பு பாலிஷைத் தடவி மூடிவிட்டார். இத்தனை வருஷம் அடுத்தவன் செய்த சாமானில் குற்றம் கண்டுபிடித்தவருக்கு, தான் செய்ததில் குற்றம் தெரியாமல் மறைக்க வராதா என்ன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தால் ஒழிய ஒருவருக்கும் தெரியாது.

ஆவணி அவிட்டம் வந்தது. கம்யூனிட்டி ஹாலில் பூணூல் உள்ளவர்கள் எல்லோரும் சேர்ந்து அதை மாற்றிக்கொள்வது வழக்கம். வாசலில் பார்த்தால் கேன்டீன் கோடவுனைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது, அத்தனையும் ஒரே கறுப்பு சாண்டல். மந்திரம் முடிந்து, பசியோடு வெளியே வந்த கூட்டம், எதிரில் கிடந்ததை மாட்டிக்கொண்டு கிளம்பிற்று. வேறு செருப்பாக இருந்தால் ஒன்று பெரிதாக இருக்கும், ஒன்று கடிக்கும், வாசலிலேயே குட்டு உடைந்திருக்கும். இதுதான் எந்தக் காலுக்கும் பொருந்துகிற செருப்பாயிற்றே. வாரை இழுத்து ஒட்டினார்கள், சரியாக இருந்தது, போய்விட்டார்கள்.

வெங்கடராமன் கேட்டைத் தாண்டியதும் பூமி இடது பக்கம் சரிந்தது. அடுத்த அடியில் நிமிர்ந்தது, அதற்கடுத்த அடியில் மறுபடி சரிந்தது. திரும்பி ஹாலுக்கு ஓடினார். ஓடினார் என்றா சொன்னேன், விந்தி விந்திப் போனார். வாசலில் சாஸ்திரிகளின் ரப்பர் செருப்பு மட்டும் கிடந்தது.

"வாட்ஸ்அப் குரூப்ல போடுங்கோ, செருப்பு மாறிடுத்துன்னு" என்றாள் கல்பகம்.

"எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பா."

"செருப்பு மாறினா தெரியாதா?"

"எல்லாம் ஒரே செருப்பு, ஒரே சைஸ், எல்லார் காலுக்கும் பொருந்தறது. மாறினது ஒருத்தருக்கும் தெரியலை. எனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதுன்னு சொல்றது?"

கல்பகம் யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. "அப்ப கதவைச் சாத்திண்டு இன்னொரு ரப்பரை ஒட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

அவர் அப்படியே செய்தார். மறுநாள் காலை பார்க்கில் வழக்கம்போல நிமிர்ந்து நடந்தார். ஒரு சுற்று முடிவதற்குள் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டார். அவருடைய பிரச்சினை தீர்ந்திருந்தது.

அப்போது கேட் வழியாக உமாசங்கர் வந்தார். வலது பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தார்.

வெங்கடராமனுக்குப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. கால் இரண்டும் சமமாக இருக்கிறவன் இடது பக்கம் உயர்த்திய செருப்பைப் போட்டால் வலது பக்கம்தான் சாய்வான். இதற்கு இன்ஜினியர் வேண்டாம். ஆனால் அங்கே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் பாதுகாப்புத் துறையில் ஓய்வு பெற்ற இன்ஜினியர்கள். ராக்கெட் விழுந்தால் உட்காருகிற மாதிரி ஒரு விசாரணைக் கமிட்டி அப்போதே உட்கார்ந்தது. மெத்தையை மாற்றினாயா என்று கேட்டார் ஜேம்ஸ். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு புதுக் கண்ணாடியில் தரை மேலே தெரியும், அதனால் கால் தப்பாக விழும் என்றார் கிருஷ்ணபிரசாத். வைட்டமின், ஸ்கூட்டர் உதை, மாடிப்படி என்று எல்லாம் அலசப்பட்டது. செருப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

"செருப்பு எதாவது..." என்று வெங்கடராமன் மெல்ல ஆரம்பித்தார்.

"கேன்டீன் செருப்புடா" என்றார் உமாசங்கர். "இன்ஸ்பெக்ஷன் ஆகி வந்த சாமான். அது எப்படித் தப்பு பண்ணும்? என் காலுக்குத்தான் யாரும் முத்திரை குத்தலை."

கமிட்டி அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. வாழ்நாள் முழுவதும் முத்திரை குத்தியவர்கள் முத்திரையைச் சந்தேகப்படுவார்களா? இந்த இடத்தில் வெங்கடராமன் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். திறக்கவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த முதுகுகளையெல்லாம் ஒரு தடவை பார்த்தார், எல்லாம் அவர் நிமிர்த்தி வைத்த முதுகுகள். வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

உமாசங்கர் எலும்பு டாக்டரிடம் போனார். டாக்டர் செருப்பைக் கழற்றச் சொல்லி, படுக்க வைத்து, காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் வயது. வெறும் மார்பிள் தரையில் நடக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போட்டுக்கொள்ள வேண்டும், மாடிப்படி ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். உமாசங்கர் அதே சாண்டலை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நொண்டல் அதிகமாயிற்று. இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டது.

ஒரு நாள் வாட்ச்மேன், "கைக்கு லங்கடாரே, சாப்?" என்று கேட்டான். ஏன் நொண்டுகிறீர்கள் என்கிறான். ஜோக்குக்கு அதைவிட வாட்டமான இடம் கிடைக்காது. உமாசங்கர் அவனைப் பார்த்து, "தெரியலப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெங்கடராமன் அன்றைக்கே திருமுல்கேரிக்கு ஆட்டோ பிடித்துப் போனார். இன்னொரு ஜோடி வாங்கி உமாசங்கர் வீட்டில் மாற்றி வைத்துவிடலாம் என்று திட்டம். ஸ்டாக் தீர்ந்துவிட்டது, அடுத்த லாட்டில் பார்க்கலாம் என்றான் கவுன்டரில் இருந்தவன். வீட்டுக்கு வந்து தன் காலில் இருந்த ஜோடியின் ரப்பரைப் பிய்த்து எடுத்தார். சொல்லப்போனால் அது உமாசங்கரின் ஜோடிதான். அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனார்.

உமாசங்கர் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார், காலில் செருப்போடு. வெங்கடராமன் தரையில் உட்கார்ந்து, விரல் பக்கத்து வாரின் நுனியைப் பிடித்து மெல்ல, மிக மெல்ல இழுத்தார். வெல்க்ரோவை எவ்வளவு மெதுவாகப் பிரிக்கிறோமோ அவ்வளவு நேரம் சத்தம் போடும். சர்ர்ர்ர்ர் என்று அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போயிற்று.

"என்னடா பண்றே என் கால்கிட்ட?" என்றார் உமாசங்கர், கண்ணைத் திறக்காமல்.

"காத்தோட்டமா இருக்கட்டுமேன்னு."

"டாக்டர் கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். ஒட்டு." ஒட்டினார். "அப்புறம், சந்தீப் சனிக்கிழமை வரான். பெங்களூருக்குக் கூட்டிண்டு போறானாம். அங்க லிஃப்ட் இருக்கு. இந்த வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்னு சொல்றான். என்ன பண்றது, கால் இப்படி ஆயிடுத்து."

வெங்கடராமன் துணிப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். காப்பி குடிக்கவில்லை. டிவியைப் போட்டு அணைத்தார். உமாசங்கர் இல்லாத காலை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். பார்க்கைச் சுற்றலாம், வீட்டுக்கு வரலாம், பேப்பரை விரிக்கலாம், எதிரே யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அதை அவரால் தாங்க முடியவில்லை. கல்பகத்திடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"காலை வேணா ஒளிச்சு வெச்சுக்கலாம். ஒரு மனுஷனை நீங்க நொண்டியாக்கி ஊரை விட்டு அனுப்பறேள்" என்றாள் கல்பகம். அவ்வளவுதான் சொன்னாள். அவர் அப்படியே எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு அடுத்த தெருவுக்கு விந்திக்கொண்டே போனார்.

"சங்கர், உன் காலுக்கு ஒண்ணும் இல்லை" என்றார் உள்ளே நுழைந்ததும்.

"டாக்டரும் அதைத்தான் சொல்றார்."

"நீ போட்டிண்டிருக்கறது என் செருப்பு. ஆவணி அவிட்டத்தன்னிக்கு மாறிடுத்து."

"உனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே செருப்புதானே?"

அந்தக் கேள்வி வந்துவிட்டது. வெங்கடராமன் சுவரைப் பார்த்தார். "எனக்கு இடது கால் குட்டை. அதுல ரப்பர் வெச்சிருக்கேன். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்றார். சொல்லி முடித்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டது.

உமாசங்கர் அவருடைய வெறுங்காலைப் பார்த்தார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தார். "எவ்வளவு?" என்றார்.

"அரை அங்குலம்."

"அனுமதிச்ச டாலரன்ஸைத் தாண்டிடுத்தே. உன்னை எப்படிடா வேலைல எடுத்தா?"

திட்டுவான், கத்துவான், அல்லது சந்தோஷப்படுவான் என்று வெங்கடராமன் எதிர்பார்த்து வந்திருந்தார். உமாசங்கர் எதுவும் செய்யாமல் வார்களைச் சர்ர் சர்ர் என்று பிரித்தார், பையிலிருந்த செருப்பை மாட்டிக்கொண்டார், எழுந்தார், சமையலறை வரை போய்த் திரும்பி வந்தார். நேராக வந்தார். இன்னொரு தடவை போய் வந்தார். பிறகு ஜன்னலுக்குப் போய் எதிர்வீட்டுக்காரர்களுக்குத் தெரியாதபடி திரையை இழுத்து மூடினார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"கல்பகத்துக்கு மட்டும்."

"வேற யாருக்கும் தெரிய வேண்டாம்."

வெங்கடராமன் உருகிப் போனார். சிநேகிதன் என்றால் இவன் சிநேகிதன், தன் கால் போனாலும் என் மானம் போகக் கூடாது என்கிறானே என்று நினைத்துக்கொண்டார்.

"உனக்காகச் சொல்லலை, எனக்காகச் சொல்றேன்" என்றார் உமாசங்கர். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "ப்ரியா போனதுக்கு அப்புறம் சந்தீப் வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவான். டாடி, பாகுன்னாரா, அப்படீம்பான். பாகுன்னானுன்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஓகே பை. அவனையும் குத்தம் சொல்லப்படாது, நன்னா இருக்கேன்னு சொல்றவன்கிட்ட மேல என்னத்தைப் பேசறது? இப்ப தினம் கூப்பிடறான்டா. ஏ காலு நொப்பி டாடின்னு கேக்கறான். எந்தக் கால் வலிக்கறதுன்னு. சாப்டாச்சான்னு கேக்கறான். பாத்ரூம்ல நான் பிடிச்சுக்கறதுக்குக் கம்பி அடிச்சு போட்டோ அனுப்பியிருக்கான். என் கூட வந்து இருன்னு அவனுக்குச் சொல்லத் தெரியலை. உன்கிட்ட வந்து இருக்கட்டுமான்னு கேக்க எனக்கும் வாய் வரலை. இந்தச் செருப்பு ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லிடுத்து."

"அப்ப நான்?" என்றார் வெங்கடராமன்.

"உனக்கென்ன?"

"நான் யாரோட நடப்பேன்? நீ போகாம இருக்கணும்னுதானேடா வெட்கத்தை விட்டு வந்து சொன்னேன்."

"தெரியறது" என்றார் உமாசங்கர். பிறகு பையிலிருந்து எடுத்த செருப்பைக் கழற்றிப் பையிலேயே போட்டுக் கொடுத்துவிட்டு, பழையதை மறுபடி மாட்டிக்கொண்டு, மூன்று வாரையும் நன்றாக இழுத்து ஒட்டினார்.

வெங்கடராமனுக்கு வந்த கோபத்தில் படி இறங்கும்போது இரண்டு கால்களும் ஒரே அளவாகத் தெரிந்தன. இந்தப் பயலுக்காகவா இத்தனை வருஷ ரகசியத்தைக் கொட்டினோம் என்று கல்பகத்திடம் கத்தினார். கத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, பையிலிருந்த செருப்புக்கு மறுபடியும் ரப்பரை ஒட்டினார்.

சனிக்கிழமை காலை பார்க் கூட்டம் முழுக்க உமாசங்கர் வீட்டு வாசலில் நின்றது. கல்பகம் வழிக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சந்தீப் அப்பாவுக்காக ஒரு புது ஷூ வாங்கி வந்து, அவனே குனிந்து லேஸ் கட்டிவிட்டிருந்தான். வம்பே அங்கேதான் ஆரம்பித்தது. ஷூ இரண்டும் சமம். உமாசங்கர் இனிமேல் தன் முயற்சியால்தான் நொண்ட வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தவர், இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தார்.

வெங்கடராமன் பலமாக இருமினார். "சங்கர், பாத்து, வலது கால் பத்திரம்."

உமாசங்கர் நடுப்படியில் நின்று காலை மாற்றிக்கொண்டார். "கால் மாறி வலிக்கறதோ?" என்றார் கிருஷ்ணபிரசாத் கவலையோடு. "அது அப்படித்தான் பரவும்" என்றார் ஜேம்ஸ்.

சந்தீப் கடைசியாகக் கறுப்பு சாண்டலை எடுத்துக்கொண்டு வந்து, டிக்கியில் இடம் பார்ப்பதற்காகக் காரின் பானெட் மேல் வைத்தான். வைத்தவன் அப்படியே நின்றான். குனிந்து பார்த்தான். இன்ஸ்பெக்டர் பெற்ற பிள்ளை அல்லவா?

"அங்கிள், இதி சூடண்டி. ஒகட்டி எத்துகா உந்தி" என்றான். இதைப் பாருங்கள், ஒன்று உயரமாக இருக்கிறது என்கிறான். தமிழில் சொன்னதெல்லாம் அவனுக்குப் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். செருப்பைப் பார்த்தான், அப்பாவின் காலைப் பார்த்தான், மறுபடி செருப்பைப் பார்த்தான். அவன் மனசுக்குள் கணக்கு ஓடுவது முகத்தில் தெரிந்தது.

உமாசங்கர் வெங்கடராமனைப் பார்த்தார்.

அது என் செருப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சந்தீப் சிரித்துவிடுவான். பெட்டிகள் இறங்கும். உமாசங்கர் நேராக மாடியேறிப் போவார், நாளைக் காலையில் பார்க்கில் பக்கத்தில் நடப்பார், காப்பிக்கு வந்து சண்டை போடுவார். வெங்கடராமனுக்கு அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"நான்தான்பா வெச்சேன், அப்பாவுக்காக" என்றார்.

"ரைட் லெக் கதா ப்ராப்ளம்? லெஃப்ட் எந்துக்கு எத்து, அங்கிள்?"

வலது காலில்தானே கோளாறு, இடது எதற்கு உயரம் என்ற அந்தக் கேள்விக்கு இன்ஜினியர்கள் அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். வெங்கடராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வலது கால் சோம்பேறி ஆயிடுத்து. சோம்பேறிக்கு முட்டுக் கொடுத்தா இன்னும் சாஞ்சுக்கும். எதிர்ப்பக்கத்தைத் தூக்கி விட்டா, அதுக்கே ரோஷம் வந்து வேலை செய்யும். மெதுவாத்தான் குணமாகும். வருஷக்கணக்கா ஆகும்."

"ஆர் யூ ஷூர், அங்கிள்?"

வெங்கடராமன் குனிந்தார். அந்தத் தெருவுக்கே கேட்கும்படி சர்ர், சர்ர், சர்ர் என்று மூன்று வாரையும் பிரித்து, தன் இடது செருப்பைக் கழற்றி பானெட் மேல் அந்த ஜோடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எனக்கு இடது கால் குட்டைப்பா. பிறவியிலேயே. வேலைக்கு வந்த நாள்லேர்ந்து இதை வெச்சுண்டுதான் நடக்கறேன். எந்தக் காலுக்கு எதை வெக்கணும்னு எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

ஜேம்ஸ் கிருஷ்ணபிரசாத்தைப் பார்த்தார். பிறகு, வருஷக்கணக்காக நிமிர்த்தி வைத்திருந்த முதுகை மெல்லத் தளர்த்தி, சௌகரியமாகக் கூன் போட்டுக்கொண்டார்.

சந்தீப் மூன்று செருப்பையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கணக்கு எங்கேயோ முடிந்துவிட்டது. "ஓகே, அங்கிள். நேனு சூஸ்குண்டானு" என்றான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று.

"பாத்துண்டா மட்டும் போறாது, தினமும் கேக்கணும்" என்றார் வெங்கடராமன். "எந்தக் கால் வலிக்கறது, எவ்வளவு வலிக்கறதுன்னு உக்காந்து கேக்கணும். அதுதான் இதுக்கு முக்கியமான வைத்தியம்."

உமாசங்கர் காரில் ஏறி உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி வெங்கடராமனின் சட்டை நுனியைப் பிடித்து, விட்டுவிட்டார். கார் திரும்பி மெயின் ரோடுக்குப் போயிற்று. வெங்கடராமன் ஒற்றைச் செருப்போடு நின்றார். அழுகை வந்தது அவருக்கு, எல்லோர் எதிரிலும் அழுதார். கல்பகம் அவர் செருப்பைக் கீழே வைத்து, "போட்டுக்கோங்கோ, வெயில் ஏறறது" என்றாள்.

மறுநாள் மத்தியானம் ஃபோன் வந்தது. மறுமுனையில் உமாசங்கர் கிசுகிசுவென்று பேசினார். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"எங்கேர்ந்துடா பேசறே?"

"பாத்ரூம்லேர்ந்து. கம்பியைப் பிடிச்சிண்டு பேசறேன், கம்பி நன்னா இருக்கு. ஒரு சிக்கல்டா. இங்க வீட்டுக்குள்ள செருப்பே போடப்படாதாம். மாட்டுப்பொண்ணு அக்ஷதா வாசல்லேயே வாங்கி அலமாரில வெச்சுட்டா. வெறுங்கால்லதான் நொண்டணும். காலைலேர்ந்து மாத்தி மாத்தி நொண்டிண்டிருக்கேன். குழந்தைகள் வேற சிரிக்கறதுகள். சாப்பிடக் கூப்பிடறா, சந்தீப் வெளில காத்திண்டிருக்கான். சீக்கிரம் சொல்லு, எந்தக் கால்?"

"இடது" என்றார் வெங்கடராமன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "இரு, இரு. இடது எனக்கு. உனக்கு வலது."